வெட்டி எடுத்த இரண்டு வரி

இரண்டே வரி. கத்தரியால் சுத்தமாக வெட்டி, சுருட்டி, நைட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

பனியன் கம்பெனியில் நாள் முழுக்கப் பிசிறு வெட்டுகிற கை. நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கண்டால் சும்மா இருக்காது.

மகள் சுடர்விழி உள்ளே குளித்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு ஐந்தாம் வகுப்பில் பூச்சி விஞ்ஞானி ஒருவரைப் பற்றி சார்ட் வைக்க வேண்டும். நெட் சென்டரில் வரிசையில் நின்று பிரிண்ட் எடுத்து வந்தது அம்மாதான்.

மரியா மெரியன். முந்நூறு வருடத்துக்கு முன்பே புழு வளர்த்து, அது பட்டாம்பூச்சி ஆகும்வரை பார்த்துப் பார்த்து வரைந்தவர்.

அந்த அம்மாள் புழுவோடு நின்றிருக்கக் கூடாதா?

'கணவரை விட்டுப் பிரிந்தார். இரண்டு மகள்களையும் அழைத்துக்கொண்டு நெதர்லாந்து சென்றார்.'

நான்கு மாதத்துக்கு முன்னால் இவளும் ஒரு பையோடு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, தேனியில் பஸ் ஏறித் திருப்பூரில் இறங்கினாள்.

ஏன் என்று மகள் இன்றுவரை கேட்கவில்லை.

கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாள். கேட்காததுதான் உறுத்தியது. பிள்ளை தன்னைத்தான் குற்றம் சொல்கிறதோ?

ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்தாள் சுடர்விழி. படத்தை ஒட்டினாள். பிரிண்டை எடுத்தாள்.

நடுவில் ஓட்டை.

ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா அவசரமாகப் பசை டப்பாவைத் திறக்கப்போனாள். அது திறந்தேதான் இருந்தது.

சுடர்விழி ரஃப் நோட்டைப் பிரித்து முன்னால் நகர்த்தினாள். பள்ளி நூலகப் புத்தகத்தைப் பார்த்துப் போன வாரமே எழுதியது. அதே இரண்டு வரி. அடியில் சிவப்புக் கோடு.

அதற்குக் கீழே, ஐம்பத்திரண்டு வயதில் இளைய மகளோடு கப்பலேறிப் போனது, சூரினாம் காடு, அங்கே பார்த்த பூச்சிகள் எல்லாம் வரிசையாக இருந்தன.

"இத விட்டுட்டா, இதெல்லாம் எப்படிம்மா வரும்?"

அம்மாவுக்கு நான்கு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது மெல்ல இறங்கிப் போனது. அப்பாடா என்றிருந்தது. அழுகையும் வந்தது.

நைட்டிப் பையில் கையை விட்டாள்.

கசங்கிய துண்டை மகளே வாங்கி, தொடையில் வைத்து நீவினாள். ஓட்டையில் வைத்தாள். சரியாகப் பொருந்தியது.

பசை காயும்வரை இருவரும் அதன்மேலிருந்து விரலை எடுக்கவில்லை.