வற்றாத வீக்கம்
மஞ்சக்குப்பத்தில், காசநோய் பார்க்கும் அறையின் ஜன்னல் வெளிச்சத்தில், சிறுமி மதுராவின் முன்கை குங்குமமாகச் சிவந்து கிடக்கிறது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்ட பத்து. முந்தாநாள் சோதனை ஊசி போட்ட இடத்தைச் சுற்றி நர்ஸ் எழிலரசி பேனாவால் வரைந்த வட்டம் அதற்குள் காணாமல் போயிருக்கிறது. கையிலுள்ள ஸ்கேலை மேசையில் தட்டுகிறாள். “ஒண்ணும் தடவாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல? உள்ள கிருமி பூந்திருக்கான்னு அந்த வீக்கந்தாம்மா சொல்லணும்.” வெளியே வேப்பமரத்தடியில், முகக்கவசத்துக்குள் மதுராவின் அப்பா இருமுகிறார். அம்மாவின் கண் அங்கே போய்த் திரும்புகிறது. “வீங்குனா அவரு சீக்கு இவளுக்கும் வந்துடுச்சின்னு அர்த்தம்னு நீங்கதான சொன்னீங்க சிஸ்டர். அதான் வத்தட்டும்னு போட்டேன்.” எழிலரசி பஞ்சை நனைக்கிறாள். ஈரப் பஞ்சால் துடைக்கத் துடைக்கச் சிவப்பு போவேனா என்கிறது. எரிச்சலோடு பஞ்சை எறிந்துவிட்டு, விரல் நுனியை அந்தத் தோலின்மேல் மெல்ல ஓட்டுகிறாள். நடுவில் ஓரிடத்தில் கெட்டியான மேட்டில் இடித்து விரல் நிற்கிறது. ஸ்கேலை எடுக்கிறாள். “வத்திடுச்சில்ல சிஸ்டர்?” என்கிறாள் அம்மா.