ஷவ்கியின் தாகம்
ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாகப் பிற்பகல் வெயில் ஷவ்கியின் கட்டிலில் விழுகிறது. முப்பது வருடம் நைல் நதியில் படகோட்டியவரின் கால்கள் வீங்கிப் பளபளக்கின்றன. காலையில்தான் வயிற்றிலிருந்து ஐந்து லிட்டர் நீர் எடுத்தார்கள். இப்போது சின்னக் கண்ணாடிப் புட்டியிலிருந்து தேன் நிற ஆல்புமின் சொட்டுச் சொட்டாக அவர் கைக்குள் இறங்குகிறது. “இந்தப் புரதந்தான் தண்ணிய ரத்தத்துக்குள்ளயே பிடிச்சு வைக்கும்மா. அத ஈரல்தான் செய்யணும். இவரு ஈரலால முடியல. அதான் தண்ணி கசிஞ்சு வயித்துலயும் கால்லயும் தேங்குது,” என்கிறார் டாக்டர். தண்ணீரை அளந்தே கொடுக்கச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறார். ஷவ்கியின் மனைவி இன்ஸாஃப் கணவரின் பாதத்தை விரலால் அழுத்துகிறாள். விழுந்த குழி அப்படியே நிற்கிறது.

“வயித்துல ஒரு கால்வாயே ஓடுது, நாக்குல ஈரமில்ல. ஒரு மடக்கு குடு.”

“இன்னிக்கு உள்ளது முடிஞ்சிருச்சு, அபூ கரம்.” கரமின் அப்பா என்று மகன் பேரைச் சொல்லித்தான் அவள் அவரைக் கூப்பிடுவாள்.

“கல்நெஞ்சுக்காரி,” என்று சிரிக்கப் பார்க்கிறார். உதடு வெடித்திருக்கிறது.

“ஆமா, கல்லுதான்,” என்றபடி இன்ஸாஃப் முக்காட்டின் நுனியை நனைத்து அவர் உதட்டில் ஒற்றுகிறாள். ஷவ்கி துணியைப் பல்லால் கவ்விக்கொண்டு உறிஞ்சுகிறார். அவள் அதை இழுக்கவில்லை. டாக்டர் பார்வை படாமல் உடம்பால் மறைத்துக்கொண்டு நிற்கிறாள்.