அண்ணன் சொன்னதெல்லாம் சரி

டாக்டர் ஆறு வாரம் என்றார். வார்டுக்கு வெளியே, லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்றபடி, என்னிடம் மட்டும்.

அண்ணி கடையைப் பூட்டிவிட்டு ஐந்து மணிக்குத்தான் வருவாள். அதுவரை அண்ணனோடு நான் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் என்ன வந்தாலும் அவனுக்குத் தெரியக் கூடாது என்று அண்ணி காலையிலேயே என் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். கல்லீரலில் கொஞ்சம் வீக்கம், மருந்தில் வற்றிவிடும். அவனுக்கு நாங்கள் சொல்லிவைத்த கதை இதுதான்.

முகம் கழுவி, பவுடர் போட்டுக்கொண்டு, சிரித்தபடி உள்ளே போனேன்.

அவன் தலையணையில் சாய்ந்துகொண்டு டிவியைத் திட்டிக்கொண்டிருந்தான்.

பிழைப்புக்கு ஏசி மெக்கானிக். மிச்ச நேரமெல்லாம் ரசிகன். சினிமா, சீரியல், நாடகம், வீடியோ கேம், ஒன்றையும் விடமாட்டான். எல்லாவற்றைப் பற்றியும் அவனிடம் ஒரு அபிப்பிராயம் சுடச்சுட இருக்கும். அவன் எதைச் சொன்னாலும் நான் அதற்கு நேர்மாறாகச் சொல்வேன். நானும் அவனும் ஒரே ஒரு படத்தில்கூட ஒத்துப்போனது கிடையாது.

நான் டப்பிங் பேசுகிறவள். அவன் பார்க்கிற சீரியலில் போலீஸ்காரிக்கு என் குரல்தான். அதனால் கதை எப்படிப் போகும் என்று எனக்கு முன்னாடியே தெரிந்துவிடும். கதையை முன்கூட்டிச் சொல்லிவிட்டால் அவனுக்கு ஆகாது. அதற்காகச் சொந்த மாமாவோடு இரண்டு வருஷம் பேசாமல் இருந்தவன்.

நான் வாயைத் திறக்க மாட்டேன். என் மூஞ்சிதான் காட்டிக்கொடுத்துவிடும். முன்னாடி நான் பேசிய ஒரு சீரியலில் ஒருநாள் வக்கீல் காரில் ஏறினார். நான் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்தேன். அவ்வளவுதான். "போச்சு, இந்த ஆள் காலி" என்றான். மூன்று வாரம் கழித்து வக்கீல் காலி.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு சட்டம். சீரியல் ஓடும்போது நான் பக்கத்தில் உட்காரலாம், ஆனால் மூஞ்சியில் துண்டைப் போட்டுக்கொள்ள வேண்டும். பேச்சு, சிரிப்பு, தும்மல் எல்லாம் விளம்பரத்தில். பதினோரு வருஷமாகத் துண்டுக்குள்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நாலு மணிச் சீரியலுக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. ஏதோ படம் ஓடிக்கொண்டிருந்தது. குண்டடிபட்டவன் நண்பன் மடியில் கிடந்து பேசிக்கொண்டே இருந்தான். சாகிறவன் இவ்வளவு வசனம் பேச மாட்டான், தண்ணி கேட்பான், அதோடு சரி என்றான் அண்ணன்.

ஆமாம் என்றேன்.

என்ன இருந்தாலும் நாடகம்தான் உசத்தி என்றான். அதில் செத்தவன்கூடக் கடைசியில் எழுந்து வந்து கும்பிட்டுவிட்டுப் போவான்.

அதற்கும் ஆமாம் என்றேன். நாடகம் என்றாலே கொட்டாவி விடுகிறவள் நான்.

கேமில் பெரிய வில்லன் வருவதற்கு முந்தின அறையில் மருந்தாகக் கொட்டிக் கிடக்கும், மருந்து எக்கச்சக்கமாகக் கிடைத்தாலே உஷாராகிவிட வேண்டும் என்றான். சொல்லிவிட்டு மேஜைமேல் இருந்த தட்டைப் பார்த்தான். நேற்றுவரை ஒன்பது மாத்திரை இருக்கும். இன்றைக்கு இரண்டுதான் இருந்தன.

"இங்க என்னடான்னா குறைச்சுட்டாங்க" என்றான்.

நல்லதுதானே, சீக்கிரம் வீட்டுக்கு விட்டுவிடுவார்கள் என்றேன். உதடு ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமும் போவது எனக்கே தெரிந்தது. இருபது வருஷம் இதையே தொழிலாகச் செய்து என்ன பிரயோஜனம்.

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். பிறகு ஒரு பேய்ப்படத்தைப் பற்றி ஆரம்பித்தான். ரிலீசான அன்றைக்கே போய், இடைவேளையில் எழுந்து வெளியே வந்து, டிக்கெட் கிழிக்கிறவரிடம் மல்லுக்கு நின்ற படம். ஆறு மாதம் அதைத் திட்டித் தீர்த்தான். நான்தான் அது நல்ல படம் என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

"யோசிச்சுப் பார்த்தா அது குப்பை இல்ல. நீ சொன்னதுதான் சரி. இல்ல, நான் சொன்னதுதான் சரியா?" என்றான்.

"நீ சொன்னதுதான்ணா சரி" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வந்து பத்து நிமிஷம் ஆகிறது, அவனோடு ஒரு சண்டைகூடப் போடவில்லை.

அவன் என்னையே பார்த்தான். அவன் கண்ணைப் பார்க்க முடியாமல் குனிந்து போர்வையைச் சரிசெய்தேன். சரியாக இருந்த போர்வைதான்.

டிவியில் சீரியலின் பாட்டு வந்தது. சீரியல் முடிய இன்னும் பதினாலு வாரம் இருக்கிறது. கடைசி எபிசோடுக்குப் போன வாரம்தான் பேசி முடித்தேன். அவன் கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே முழுக் கதையையும் சொல்லியிருப்பேன்.

அவன் கேட்கவில்லை. கட்டில் கம்பியில் உலர்ந்துகொண்டிருந்த துண்டை மெல்ல இழுத்தான். கையில் டிரிப்ஸ் ஊசி குத்தியிருந்ததால் இழுக்கவே அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"இந்தா வாயாடி, மூஞ்சில போட்டுக்கோ."

போட்டுக்கொண்டேன். உள்ளே ஆஸ்பத்திரி சோப்பு வாசனை. அதற்குமேல் என்னால் முடியவில்லை. தோள் குலுங்கியது.

அண்ணன் டிவி சத்தத்தைக் கூட்டினான்.

"அழறதா இருந்தா விளம்பரத்துல அழு" என்றான்.