பதில் சொல்லாத மோடம்

“நம்ப வெச்சுக் கழுத்த அறுக்குது மச்சான்,” என்று தங்கராஜு மோடத்தின் தலையில் ஒரு தட்டுத் தட்டினான். திரையில் அதே வரிதான் மறுபடியும் வந்து நின்றது: மோடம் பதில் சொல்லவில்லை.

இராஜமாணிக்கம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. மூன்று மணிக்குக் கோலாலம்பூர் கோர்ட்டில் கேஸ். அதற்குள் படங்கள் லாயர் கண்ணம்மைக்குப் போய்ச் சேராவிட்டால், திங்கட்கிழமை காலையில் புல்டோசர் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குள் நுழைந்துவிடும்.

லயத்து வீடுகளில் ஆளே இல்லை, எல்லாம் காலி என்று தோட்டத்து மேனேஜர் கோர்ட்டில் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்திருந்தார். அந்த இல்லாத ஆட்கள் அடுப்பு மூட்டுவதையும் துணி காயப்போடுவதையும் இராஜமாணிக்கம் வீடு வீடாகப் போய்ப் படம் பிடித்திருந்தார். ஃபேக்ஸில் அனுப்பினால் எல்லாம் கரிச்சட்டியாகத்தான் வரும், இமெயிலில் அனுப்புங்கள் என்று லாயர் சொல்லிவிட்டார்.

இமெயில் என்றால் தங்கராஜுதான். மனைவி முத்தாயியின் தம்பி. தாயில்லாப் பிள்ளை என்று இதே வீட்டில் சோறு போட்டு வளர்த்து, கம்ப்யூட்டரும் படிக்க வைத்தார்கள்.

செரம்பானில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஹாஜா மைதீன்தான் படங்களை டிஸ்கெட்டில் ஏற்றிக் கொடுத்தார். லினக்ஸ் என்று இனாமாக ஒரு சிடியும் கொடுத்தார். அதைப் போட்டு இந்தப் பழைய பெட்டிக்கு உயிர் கொடுத்தவன் தங்கராஜு.

“நேத்து நல்லாக் கீச்சுக் கீச்சுன்னு கத்திக் கனெக்ட் ஆச்சே லா?”

“நேத்து வேற, இன்னிக்கு வேற மச்சான். விண்டோஸ்னா மோடத்த அதுவே தேடிக் கண்டுபிடிச்சுக்கும். லினக்ஸுக்கு அது எந்தப் போர்ட்டுல இருக்குன்னு நாமதான் சொல்லிக் குடுக்கணும். என்னமோ மாறிப் போச்சு.”

“காலையிலயே பஸ் ஏறியிருந்தா இந்நேரம் நானே படத்தக் கொண்டுபோயி அந்தம்மா கையில குடுத்திருப்பேன்.”

“ரெண்டு நிமிஷத்துல போற சமாச்சாரத்துக்கு எதுக்கு பஸ்ஸுன்னுதான் தடுத்தேன். இது இப்படிக் காலை வாரும்னு நான் கண்டேனா?” தங்கராஜுவின் முகம் தொங்கிப்போயிற்று. அதைப் பார்த்ததும், பாவம், பிள்ளையைக் குத்திக் காட்டிவிட்டோமே என்று இராஜமாணிக்கத்துக்குச் சங்கடமாகிவிட்டது.

“இருங்க, ஹாஜா பாய்கிட்டயே கேட்டுருவோம்.”

வீட்டில் இருப்பது ஒரே டெலிபோன் லைன். தங்கராஜு மோடத்திலிருந்து வயரைப் பிடுங்கி டெலிபோனில் சொருகி எண்களை அழுத்தினான். பக்கத்து மலாய்க் கிராமமான கம்பத்துப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு காதை விரலால் அடைத்துக்கொண்டு, “ஆமா, இன்னும் போகல. மாத்திப் பார்த்தாச்சு. சரி, சரி,” என்று தலையாட்டினான்.

“போர்ட்டு பேரத் திருப்பி மாத்தச் சொல்றாரு பாய்.”

மாற்றினான். மோடத்தின் விளக்குகள் அசைந்து கொடுக்கவில்லை. இன்னொரு பெயரைப் போட்டான், பெட்டியை நிறுத்தி மறுபடி எழுப்பினான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடின, கடைசியில் அதே வரிதான் வந்தது. வாசலில் லயத்து ஜனம் கூடி நின்று எட்டி எட்டிப் பார்த்தது.

முத்தாயி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். “எதுக்குப் பயப்படுறீங்க? அதான் என் தம்பி உக்காந்திருக்கான்ல?” என்றாள். தங்கராஜு தேத்தண்ணியை எடுத்துக் குடித்தான், அக்காவை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மணி இரண்டு ஆனபோது நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். “இது வேலைக்காகாது மச்சான். பாய் கடையில வேற மோடம் வாங்கிட்டு ஓடியாந்துர்றேன்.” மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளம்பியும் விட்டான்.

போய்த் திரும்ப ஒரு மணி நேரமாவது ஆகும். ஹாஜா மைதீனே காரில் மோடத்தை எடுத்துக்கொண்டு எதிரே வந்தால் பாதி நேரம் மிச்சம் என்று இராஜமாணிக்கம் கணக்குப் போட்டார். கடையின் நம்பர் அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை, தங்கராஜு கடைசியாகக் கூப்பிட்டது அங்கேதான். ரீடயல் பொத்தானை அழுத்தினால் போதும்.

வயரை டெலிபோனில் சொருகி ரிசீவரை எடுத்தார். ஜன்னலுக்கு வெளியே, தொழுகை முடிந்து கம்பத்து ஆட்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் அவருடைய விரல் அப்படியே நின்றது.

ஹாஜா மைதீன் எந்த வெள்ளிக்கிழமையும் ஜும்மாவைத் தவறவிடாத மனிதர். அந்த நேரத்தில் கடையைச் சாத்திவிட்டுத்தான் பள்ளிவாசலுக்குப் போவார். அப்படியென்றால், பிரசங்கம் நடந்துகொண்டிருந்தபோது தங்கராஜு யாரிடம் தலையாட்டினான்?

தூக்கி வளர்த்த பிள்ளையைப் போய்ச் சந்தேகப்படுகிறோமே என்று அவருக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. ‘தாயே, ஹாஜா பாயே எடுத்துரணும்,’ என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.

மறுமுனையில் மணி ஒரு தடவைதான் அடித்தது. தினம் காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுக்கும்போது கேட்கிற அதே குரல். மேனேஜருடையது.

“என்ன தங்கராஜு, உன் மச்சான் இன்னும் அந்த மோடத்தையேதான் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கானா?”