நுனி முடி

"எம் பொண்ணு முடிய இப்டி வெட்டி வுட்டுக்கிறியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

பியூட்டி பார்லர் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்த செங்கேணிக்கு மூச்சு வாங்கியது. நேராகக் களையெடுப்பிலிருந்து வந்திருந்தாள். காலில் சேறு இன்னும் காயவில்லை.

கடைக்காரி சசிரேகா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"உங்க பொண்ணு யாருக்கா?"

"இளமதி. போன வருசம் ஏனாத்தூர்ல கட்டிக் குடுத்தேன். இடுப்புக்குக் கீய தொங்குன முடி. பொங்கலுக்கு வந்தப்போ பாதி முதுவுல நின்னுது. ஆடிக்குத் தோள். நேத்து பஸ்ஸு எறங்குன கையோட உங்கடைக்கு வந்துட்டு வூட்டுக்கு வந்தவளப் பாத்தா கழுத்தோட நிக்குது! கேட்டா, 'நுனிய வெட்டிக்கினே இருந்தாத்தான் முடி நல்லா வளரும்மா, பார்லர் அக்கா சொன்னாங்க'ன்றா. இதான் நீ வளக்குற லட்சணமா?"

நேற்றிலிருந்து செங்கேணிக்குச் சோறு இறங்கவில்லை. சம்பந்தி வீட்டில் என்ன சொல்வார்கள்? மருமகன் வினோத்குமார் கம்பெனியில் வேலை பார்ப்பவன். அவனுக்குப் பிடிக்காமல் போய்விட்டால்?

"ஏற்கெனவே ரெண்டு தபா கோச்சிக்கினு வந்துட்டா. நாந்தான் புத்தி சொல்லி அனுப்பி வெச்சேன். இப்ப இதுக்காவ அந்தப் புள்ள இவள வாணாம்னு தள்ளி வெச்சா, நீயா வந்து பதில் சொல்லுவ?"

"உக்காருங்கக்கா."

"உக்கார வரல!"

"நான் அப்டிச் சொல்லவே இல்லக்கா. முடி வேர்லருந்து வளருது. நுனிய வெட்டுனா வெடிச்ச முடி போவும், பாதில அறுந்து போவாது. அவ்ளோதான். வெட்டுனா வேகமா வளரும்ன்றது சும்மா. இதத்தான் இளமதிகிட்டயும் சொன்னேன். மொதல் தபாவே ரெண்டு அங்குலம் எடுத்தா போதும்னுதான் சொன்னேன்."

"அப்புறம் ஏன் கழுத்து வரைக்கும் வந்துது?"

சசிரேகா தரையைப் பார்த்தாள்.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிச்சி."

"பெத்தவகிட்டக்கூடவா?"

"உங்ககிட்டதான் சொல்லவே கூடாதுன்னுச்சி."

செங்கேணி பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுவா இருந்தாலும் சொல்லிடும்மா."

"பின்னந்தலைல ஒரு இடத்துல முடி வேரோட பிஞ்சி, புண்ணாயி கீதுக்கா. கிளிப் போட்டு மறைச்சிக்கினு வந்துச்சி. இன்னாம்மா இதுன்னு கேட்டேன். அழக்கூட இல்ல. 'அவரு கைய வுட்டா அகப்படாத அளவுக்கு வெட்டிடுக்கா. பின்னல் இருந்தாத்தான சுத்திப் புடிச்சி இழுக்குறாரு'ன்னுச்சி."

செங்கேணி அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அம்மாகிட்ட சொல்லேம்மான்னேன். 'சொல்லிப் பாத்துட்டேன். புருசன்னா நாலு அடி அடிக்கத்தான் செய்வான்னு சொல்லி, அவங்கதான் திருப்பி அனுப்பிட்டாங்க'ன்னுச்சி."

சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்றரை ஆகப்போகிறது. மூன்றரை மணி காஞ்சிபுரம் பஸ்ஸில் ஏனாத்தூருக்குத் திரும்பிப் போகிறேன் என்று இளமதி காலையிலேயே சொல்லியிருந்தாள்.

செங்கேணி இடுப்பிலிருந்து போனை எடுத்தாள்.

"இளமதி, எங்க கீற?"

"பஸ்ஸு வந்துட்டுதும்மா. ஏறிக்கினு கீறேன். போய்ச் சேந்துட்டு போன் பண்றேன்."

"எறங்குடி."

"ஏம்மா? அவரு தேடுவாரு..."

"தேடட்டும். நீ எறங்கு. அம்மா வந்துக்கினே கீறேன்."