மாரிக்கண்ணன் நிற்கும் இடம்

மாரிக்கண்ணனைச் சுற்றிக் கபடிப் பிள்ளைகள் கூட்டமாக நிற்பதைப் பார்த்ததும் சங்கரபாண்டியனுக்கு வயிறு எரிந்தது. விருதுநகர் மைதானத்தில் மாவட்டக் கோப்பையை அப்போதுதான் ஜெயித்திருந்தார்கள். கேப்டன் ஓவியா மூச்சு வாங்க ஏதோ சொல்ல, அவன் சிரித்துச் சிரித்துத் தலையாட்டினான்.

நேற்று வந்த பயல். இதே பள்ளி அணிக்குப் பத்து வருஷத்துக்கு மேல் அசிஸ்டெண்ட் கோச்சாக மாடாய் உழைத்தவர் சங்கரபாண்டியன். தீபாவளி சீசனில் பிள்ளைகளைப் பட்டாசு வேலைக்கு அனுப்பிவிடாதீர்கள் என்று திருத்தங்கலில் வீடு வீடாகப் போய்க் கெஞ்சியவர். 2006 ஜூனில் பெரிய கோச் ஓய்வு பெற்றார், நிர்வாகமும் உடனே ஆள் போட்டது. அன்றைக்குப் போன நிம்மதி இன்னும் திரும்பவில்லை.

ஓவியா கெண்டைக்காலைப் பிடித்தபடி உட்கார்ந்தாள். சங்கரபாண்டியன் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்துவிட்டார்.

"நீங்க உக்காருங்க சார், நான் பாத்துக்கிடுறேன்" என்றான் மாரிக்கண்ணன், தைலத்தை எடுத்துக்கொண்டே. பார்த்துக்கொள்ள இவன் யார் என்று அவருக்குப் பொங்கிக்கொண்டு வந்தது.

அதற்குள் ஓவியாவின் அம்மா வள்ளித்தாய் வந்தாள். பட்டாசுக் கம்பெனியிலிருந்து நேரே வந்ததால் கையில் வெள்ளி மருந்துப் பொடி அப்படியே ஒட்டியிருந்தது. சங்கரபாண்டியனுக்குத் தள்ளி நின்றே ஒரு கும்பிடு போட்டுவிட்டு, காராச்சேவுப் பொட்டலத்தை மாரிக்கண்ணனிடம் நீட்டினாள்.

"எம்புட்டு அலைச்சல் ஒங்களுக்கு. சாப்பிடுங்க தம்பி."

போன வருஷம் வரை அந்தப் பொட்டலம் அவருக்குத்தான் வந்தது. இனிமேல் பொறுக்க முடியாது என்று பள்ளித் தாளாளர் லட்சுமிகாந்தத்திடம் நேரே போனார்.

"ஐயா, எனக்கும் மாரிக்கண்ணனுக்கும் ஒத்துவராது."

"ஏன், என்ன தப்புப் பண்ணினான்?"

"ஒண்ணும் பண்ணல. அவன் நிக்கிற எடம் என்னோடது."

தாளாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கோப்பை வாங்குன அன்னைக்கா இந்தப் பேச்சு? பொறாமையா சார்?"

"ஆமாய்யா, பொறாமைதான்" என்றார் சங்கரபாண்டியன். கழுத்தில் தொங்கிய விசிலைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"என்னோட ஹெட் கோச் பதவிய அவனுக்குக் குடுத்துட்டு, என்னோட பழைய அசிஸ்டெண்ட் வேலைய எனக்கே திருப்பித் தந்துருங்க."