விட்டுப்போன வரி

“யார் சார் இங்கே எடிட்டர்? இந்தக் கண்றாவியைப் போட்டது யாரு?”

மடக்கிய குடையால் மேஜையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கையிலிருந்த பத்திரிகையை விரித்துப் போட்டாள் அந்த அம்மாள். சந்திரமௌலியின் காப்பி தளும்பி, சென்சார் ஆபீஸிலிருந்து வந்திருந்த உத்தரவின்மேல் கொட்டியது.

அவர்தான் செய்தி ஆசிரியர். யுத்தத்தால் காகிதம் கிடைக்காமல் பத்திரிகை பாதியாகச் சுருங்கிவிட்டது. எதைப் போடக்கூடாது என்று தினம் ஒரு தாக்கீது வேறு. வாய்க்குக் கிடைத்த அரை டம்ளர் காப்பியும் இப்போது போயிற்று.

“உக்காருங்கோம்மா. என்ன விஷயம்?”

“உக்கார வரலை. படிங்க. சத்தமாப் படிங்க.”

படித்தார். ‘மயிலாப்பூர் மார்க்கெட்டில் ரேஷன் அரிசியைக் கள்ள விலைக்கு விற்ற சாந்தோம் வெரோனிகா டீச்சர் என்பவருக்குக் கோர்ட்டில் அபராதம் விதிக்கப்பட்டது.’

“நான்தான் வெரோனிகா டீச்சர். சாந்தோம்லே இந்தப் பேர்ல வேற டீச்சர் கிடையாது. கோர்ட்டு எந்தத் திசையில இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது. காலையில பூசைக்குப் போனா, பக்கத்துல இருந்தவங்க எல்லாம் நகர்ந்து உக்கார்றாங்க. பள்ளிக்கூடத்துல மூணாங்கிளாஸ் பொடிசுங்க ‘அரிசி டீச்சர்’ங்குதுங்க!”

“அடடா…”

“என்ன அடடா? எங்க வீட்டுக்காரர் நிலத்துலேருந்து மூட்டை மூட்டையா அரிசி வருது. எனக்கென்ன தலையெழுத்து, மார்க்கெட்ல உக்கார்ந்து விக்கணும்னு? நாளைக்குப் பேப்பர்ல மறுப்பு வரலேன்னா பள்ளிக்கூடத்துப் படி ஏறாதேன்னு கான்வென்ட் தலைவி மதர் சொல்லிட்டாங்க.”

சந்திரமௌலி கம்பியில் குத்தி வைத்திருந்த பழைய தாள்களைப் புரட்டி, நிருபர் எழுதிக் கொடுத்ததைத் தேடி எடுத்தார். பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

நிருபர் சரியாகத்தான் எழுதியிருந்தார். ‘சாந்தோம் வெரோனிகா டீச்சர்’ என்று ஒரு வரி. ‘வீட்டில் வேலை செய்யும் ஆரோக்கியமேரி’ என்று அடுத்த வரி. ‘என்பவருக்கு’ என்று அதற்கடுத்த வரி. அச்சுக் கோத்தவன் நடு வரியை முழுங்கிவிட்டான். மேலும் கீழும் கச்சிதமாக ஒட்டிக்கொண்டதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

“கனகராஜ்!” என்று கத்தினார்.

மசிக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான் கனகராஜ். தாளைப் பார்த்ததும் அவனுக்கும் புரிந்துவிட்டது.

“ராவுல குண்டு போடுவான், இருட்டடிப்புன்னு வெளக்கைச் சுத்திக் கருப்புக் காயிதம் ஒட்டிக்கீறாங்க சார். ஒண்ணும் தெரில. கை பாட்டுக்குப் போய்க்கினே இருந்திச்சு, ஒரு லைனு பூட்ச்சு.”

“லைனா பூட்ச்சு? ஒரு மனுஷியோட மானம் போச்சுய்யா!”

“புரூப் பாக்குற ஐயாவும் பாத்தாரே சார்…”

“வாயை மூடு!”

“இவனை வச்சுக்கிட்டுத்தான் பேப்பர் நடத்துறீங்களா?” என்றாள் டீச்சர். “இவனை நிறுத்தினேன்னு என் காதுபடச் சொல்லுங்க. அப்புறந்தான் நான் படியிறங்குவேன். இல்லேன்னா வக்கீல் வீடு லஸ்லதான் இருக்கு.”

வக்கீல் என்றதும் சந்திரமௌலிக்கு முதலாளி முகம் கண்முன் வந்தது.

“கேட்டியோன்னோ? நாளையிலேருந்து நீ வரவேண்டாம். போ.”

கனகராஜ் உள்ளே போனான்.

சந்திரமௌலி பேனாவைத் திறந்து, எழுதி, படித்துக் காட்டினார். “‘சாந்தோம் வெரோனிகா டீச்சர் வீட்டில் வேலை செய்யும் ஆரோக்கியமேரி என்று இருந்திருக்க வேண்டும். டீச்சருக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. பிழைக்கு வருந்துகிறோம்.’ போதுமாம்மா?”

“யாதொரு சம்பந்தமும் இல்லைங்கிறதைக் கொட்டை எழுத்துல போடுங்க.”

“போடறேன்.”

“அவ பேரையும் கொட்டை எழுத்துல போடுங்க. வேற யாராவது ஆரோக்கியமேரின்னு நினைச்சுடப் போறாங்க.”

“சரிம்மா.”

அப்போதுதான் அந்த அம்மாள் முகம் கொஞ்சம் தெளிந்தது. குடையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனாள். சந்திரமௌலியும் மரியாதைக்கு எழுந்து கூடவே வந்தார்.

“மன்னிச்சுடுங்கோ. உங்காத்துலேயே இருந்துண்டு, உங்களுக்குத் தெரியாம இப்படியொரு காரியம் பண்ணியிருக்கா. கோர்ட்டிலேயும் வேற பேச்சுப் பேசாம குத்தத்தை ஒத்துண்டாளாம். என்ன நெஞ்சழுத்தம்!”

“அதை ஏன் கேக்குறீங்க சார், என் வயித்தெரிச்சலை!” டீச்சருக்கு மறுபடியும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “மார்க்கெட் பக்கமே போகாதேடி, போலீஸ்காரன் நிப்பான், தெரிஞ்ச வீடாப் பார்த்துக் கொல்லைப்புறமாக் குடுத்துட்டு வான்னு படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்பினேன். கேட்டாளா கழுதை?”

குடையை விரித்துக்கொண்டு விடுவிடுவென்று நடந்து போய்விட்டாள்.

சந்திரமௌலி வாசலிலேயே நின்றார். உள்ளேயிருந்து கனகராஜ் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான்.

“வர்றேன் சார்.”

“எங்கேய்யா கிளம்பிட்டே? சட்டையைக் கழட்டிட்டுப் போய் வேலையைப் பாரு.”

“அந்தத் திருத்தம் சார்? குடுங்க, கோத்துட்றேன்.”

கையிலிருந்த தாளை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார் சந்திரமௌலி.

“எதுக்குத் திருத்தம்? நேத்து நாம சரியாத்தான் போட்டிருக்கோம்.”